கோட்டுப் பொத்தானும் நூற்றெண்பத்தொன்றாம் எஞ்சினும்

மாதிரி ரயில் சங்கக் கூட்டத்துக்கு அன்றைக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கம், கணப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைவர் யூஜின் டார்சி, மருந்துக்கடைக்காரர். அவருக்கு வலக்கைப்பக்கம், சன்னலோரம், நோரீன் பிரன்ட்டி. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். வெளிச்சத்துக்காக அந்த நாற்காலியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எதிரே மலக்கி கில்ஹூலி. சந்தைக்கு மாடு ஏற்றும் லாரி வைத்திருப்பவர். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொன்றின் முதுகில் கையைப் போட்டிருந்தார். கதவருகே, குறிப்பேட்டுடன், செயலாளர் ஃபின்டன் ஹெனகன். வராதவர்கள் இருவர்: ஒருவருக்குச் சளி, மற்றவர் காரணம் சொல்லியனுப்பவில்லை.

ஃபின்டன் குறிப்பேட்டில் எழுதியதும் ஏறக்குறைய இதேதான். மலக்கியின் இரண்டாவது நாற்காலியை மட்டும் எழுதவில்லை. எழுத மனம் வந்தது. ஆனால் அது குறிப்பேட்டுக்கு உரிய செய்தி அல்ல என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை. ஊரில் அரைநாள் கடையடைப்பு. பேண்டு வாத்தியக்காரர்களின் மாடி அறையில் வியாழன்தோறும் மத்தியானம் இவர்கள் கூடுவது ஆறு வருட வழக்கம். அறையின் மூன்று சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்தில் பலகை. பலகையின்மேல் கில்காரன் ரயில் நிலையம், 1956-ஆம் வருடத்தில் இருந்தபடி. நடைமேடை, அதன் இரண்டு பக்கமும் பாதை (ஒன்று ஊர்ப்பக்கம், மற்றது ஆற்றுப்பக்கம்), தண்ணீர்த் தொட்டி, நிலைய அதிகாரியின் முட்டைக்கோஸ் பாத்தி. தண்டவாளத்தின் அகலம் இருபத்தொரு மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் பொம்மைத் தண்டவாளம் இங்கிலாந்துக்காரர்களின் கணக்குக்குச் செய்தது. அயர்லாந்தின் நிஜப் பாதை அதைவிட ஆறரை அங்குலம் அகலம். அந்த ஆறரை அங்குலத்தைச் சிறிதாக்கினால் வருகிற சொற்ப மில்லிமீட்டருக்காக, ஒவ்வொரு கட்டையையும் ஒவ்வொரு ஆணியையும் இவர்களே கையால் அடித்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் கூட்டம் இது.

கூட்டத்தின் விஷயம் ஒன்றே ஒன்று. டப்ளினில் இன்னும் மூன்று வாரத்தில் நடக்கவிருக்கும் கண்காட்சிக்குக் கில்காரன் நிலையத்தை அழைத்திருந்தார்கள், முதல் அழைப்பு. எந்தெந்த வண்டி ஓடும் என்ற பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேரவேண்டும். அச்சடிக்கும் மலரில் போடுவதற்கு. அதாவது ஐந்தே காலுக்கு வரும் தபால் வேனில் இன்றே போயாகவேண்டும். ஃபின்டன் பட்டியலை முந்தின நாளே தட்டச்சு செய்து, உறையில் விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டிக் கோட்டின் உள்பையில் வைத்திருந்தார். ஒப்புக்கு ஒருமுறை வாசித்துவிட்டு ஒட்டவேண்டியதுதான் பாக்கி.

பட்டியலில் முதல் பெயர் எஞ்சின் எண் 181. செய்தவர்: ஃ. ஹெனகன்.

அந்த எஞ்சின் மேசை நடுவில், பழைய செய்தித்தாளின்மேல், நின்றுகொண்டிருந்தது. பதினான்கு மாத வேலை. ஆரம்பத்தில் அது பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு இங்கிலாந்துச் சரக்கு எஞ்சின். ஃபின்டன் அதன் ஓட்டுநர் கூண்டை ரம்பத்தால் அறுத்தெறிந்தார். அச்சை நீளமாக்கிச் சக்கரங்களை அகல வைத்தார். பிளாஸ்டிக் கொதிகலனைக் கழற்றிவிட்டுப் பித்தளைத் தகட்டில் வேறு உருட்டிப் போட்டார். புகைபோக்கியை மூன்று தரம் கடைந்தார். மூன்றாவதுதான் சரியாக வந்தது. உடம்பு முழுக்க ஒரே மங்கலான சாம்பல் நிறம். தெரியாதவர் பார்த்தால் இதற்கா பதினான்கு மாதம் என்பார்கள். தெரிந்தவர் பார்த்தால் குனிந்து, இடப்பக்கம் போகும் அந்தக் குழாயைத்தான் பார்ப்பார்கள்.

குழாய்தான் விசேஷம். அந்த வகை எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் பிரேக்குக் குழாய் கொதிகலனின் வலப்பக்கமாக ஓடும். 181-க்கு மட்டும் இடப்பக்கம். இது உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆத்லோனில் ஒரு ஏலத்தில், யாரோ ஒரு இங்கிலாந்துக்காரர் சைக்கிளில் ஊர் சுற்றியபோது எடுத்த படங்கள் ஒரு பெட்டி நிறைய வந்தன. அதில் கில்காரன் நிலையத்தில் இந்த எஞ்சின், பின்னால் மூன்று மாட்டுப் பெட்டிகள், முன்னால் மூன்று ஆட்கள். எஞ்சினின் எண்பலகை தெளிவாக இருந்தது. குழாய் இடப்பக்கம் இருந்தது. ஃபின்டன் மாவட்டச் சாலைத்துறையில் முப்பத்தொரு வருடம் அளவையாளராக இருந்தவர்; கண்ணில் பட்டதைக் காரணமில்லாமல் விடமாட்டார். பட்டறையில் அந்த எஞ்சினை என்றைக்கோ அவசரமாகப் பழுதுபார்த்தபோது குழாயை மாற்றிப் போட்டிருக்கவேண்டும் என்று கண்டுபிடித்தார். ரயில் ஆர்வலர்களின் காலாண்டிதழில் இரண்டு பக்கம் எழுதினார். லிமெரிக்கிலிருந்து ஒருவர் பாராட்டிக் கடிதம் போட்டார். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கிறது.

சங்கத்தின் விதியும் ஃபின்டன் எழுதியதுதான். படம் இருந்தால் வண்டி பலகைமேல் ஓடும். படம் இல்லையென்றால் அலமாரியில் இருக்கும். ஞாபகம், கேள்விப்பட்டது, அப்பா சொன்னது எதுவும் செல்லாது. போன நவம்பரில் மலக்கி பன்னிரண்டு மாட்டுப் பெட்டிகள் செய்து கொண்டுவந்தபோது இந்த விதி குறுக்கே நின்றது. பெட்டிகளில் குறை இல்லை. சுண்ணாம்பு அடித்துக் கழுவின வெள்ளைக் கறைகூடக் கதவிடுக்கில் அச்சாக இருந்தது. ஆனால் மலக்கி அவற்றை ஆற்றுப்பக்கப் பாதையில் நிறுத்தி மாடு ஏற்றவேண்டும் என்றார். சந்தை நாளில் தன் அப்பா அங்கேதான் பட்டி போட்டு ஏற்றினார், ஒன்பது வயதில் தானே பார்த்தேன் என்றார். ஃபின்டன் படம் கேட்டார். ஊர்ப்பக்கம் பட்டி இருந்ததற்குப் படம் உண்டு, ஆற்றுப்பக்கத்துக்கு இல்லை. ஊர்ப்பக்கப் பாதையிலோ பன்னிரண்டு பெட்டிக்கு இடம் போதாது. பெட்டிகள் அலமாரிக்குப் போயின. அன்றிலிருந்து மலக்கி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, செயலாளரே என்பதுதான்.

நோரீன் ஆளுக்கொரு துண்டு பழரொட்டி வெட்டி, வெண்ணெய் தடவி, சுற்றிலும் வைத்தார். யூஜின் தேநீர் ஊற்றினார். ஃபின்டன் பட்டியலை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

நோரீன் கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்த்தார். 181-க்குப் பக்கத்தில் நிற்க, படத்தில் இருக்கும் அந்த மூன்று ஆட்களையும் அவர்தான் செய்துகொண்டிருந்தார். இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் உயரம். தலை, தொப்பி, கால்சட்டை முடிந்து கோட்டுக்கு வந்திருந்தார். இடக்கையில் பூதக்கண்ணாடி, எதிரில் படம், வலக்கையில் மூன்றே முடியுள்ள தூரிகை.

"ஃபின்டன், ஒரு நிமிஷம்," என்றார். "இந்த ஆளு கோட்டைப் பொம்பளைங்க மாதிரி போட்டிருக்கானே."

மலக்கி சிரித்தார். பெண்டாட்டி கோட்டை அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருப்பான், சந்தை நாள் காலையில் அதெல்லாம் சகஜம் என்றார்.

"சரி, ஒருத்தன் மாட்டிட்டு வந்தான். மூணு பேருமா?"

நோரீன் பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் மெதுவாக நகர்த்தினார். இருபத்தாறு வருடமாக ஊர் ஆண்களுக்குக் கோட்டு விற்கிறவர். ஆண் கோட்டுக்கு இடப்பாதி மேலே வரும்; இங்கே வலப்பாதி மேலே வந்திருந்தது. மார்புப் பை இடப்பக்கம் இருக்கவேண்டும். மூன்று பேருக்கும் வலப்பக்கம் இருந்தது.

"இந்த மாதிரி கோட்டு நான் வித்ததும் இல்ல, எங்கப்பா வித்ததும் இல்ல," என்றார். "படத்தத்தான் யாரோ திருப்பிப் போட்டிருக்காங்க. கண்ணாடில பாக்கற மாதிரி."

ஃபின்டன் எழுந்துபோய்ப் படத்தை வாங்கிப் பார்த்தார். அப்படி இருக்க முடியாது, எண் நேராக இருக்கிறதே, திருப்பி அச்சிட்டிருந்தால் எண் இடம்வலம் மாறித் தெரிந்திருக்குமே என்று சொல்ல வாயெடுத்தார். எண்ணைப் பார்த்தார். ஒன்று, எட்டு, ஒன்று. வெறும் கோடு, இரண்டு வளையம், வெறும் கோடு. உலகத்தில் இருக்கும் எஞ்சின் எண்களில், கண்ணாடியில் காட்டினாலும் மாறாத சொற்ப எண்களில் ஒன்று. வாயை மூடிக்கொண்டார்.

பிலிமைப் பின்பக்கமாக வைத்து அச்சிட்டவன் யாரோ. எண் சரியாகத் தெரிந்ததால் அவனும் கவனிக்கவில்லை, ஏலம்விட்டவனும் கவனிக்கவில்லை, பதினான்கு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவரும் கவனிக்கவில்லை. குழாய் வலப்பக்கம்தான் இருந்திருக்கிறது. மற்ற எல்லா எஞ்சின்களையும் போல. அவசரப் பழுதும் இல்லை, பட்டறையும் இல்லை, காலாண்டிதழில் இரண்டு பக்கம் எழுதியதற்கு அடிப்படையும் இல்லை. காதுமடல் சூடாவது அவருக்கே தெரிந்தது.

யூஜின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நிதானமாக, இதை ஒரு பொருட்டாக எடுக்கவேண்டியதில்லை என்றார். கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள். மீதிப்பேர் முட்டைக்கோஸ் பாத்தியைப் பார்ப்பார்கள். பட்டியல் அப்படியே போகட்டும், குழாயைக் கண்காட்சி முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஃபின்டன் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலுக்குப் போய், படத்தைக் கண்ணாடிமேல் அழுத்தி, வெளிச்சம் ஊடுருவும்படி பின்பக்கத்திலிருந்து பார்த்தார். இப்போது கோட்டுகள் சரியாக இருந்தன. குழாய் வலப்பக்கம் போனது. நடைமேடை முனையில் நின்று, பாதை முடியும் பக்கம் பார்த்து எடுத்த படம். அங்கே நின்றால் ஊர் இடக்கை, ஆறு வலக்கை. அச்சிட்ட படத்தில் எஞ்சினும், அதன் பின்னால் மூன்று பெட்டிகளும், பெட்டிகளை ஒட்டிய மரப்பட்டியும் இடக்கைப்பக்கம் இருந்ததால், அதை ஊர்ப்பக்கப் பட்டி என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். இப்போது எல்லாம் வலக்கைப்பக்கம் போய்விட்டது. அந்த மூவரைத் தவிர, பட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். உள்ளே மாடுகளின் முதுகு.

ஆற்றுப்பக்கம்.

அறையில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. யூஜின் தேநீர்க் கெட்டிலைத் தூக்கிப் பார்த்தார், இன்னும் இருக்கிறதா என்று. நோரீன் தூரிகையைக் கழுவினார். மலக்கி பழரொட்டியில் இருந்த திராட்சையை நோண்டிக்கொண்டிருந்தார். படத்தைக் கோப்பில் வைத்துக் கோப்பைக் கட்டிவிட்டால் தீர்ந்தது. குழாய் விஷயம் ஒன்றோடு போய்விடும். அவருடைய எஞ்சினும் கெட்டு, மலக்கியும் ஜெயித்தார் என்று ஒரே நாளில் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதவேண்டியிருக்காது. சாலைத்துறையில் இருந்தபோது, தான் போட்ட கோடு தவறு என்று தெரிந்த பிறகு அதன்மேல் தார் ஊற்ற அவர் விட்டதில்லை. அந்த ஞாபகம் அப்போது வந்தது ஒரு தொந்தரவாகவே இருந்தது.

"மலக்கி," என்றார். "இங்க கொஞ்சம் வாங்க."

பத்து மாதத்துக்குப் பிறகு யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல மலக்கி தலையைத் தூக்கினார். எழுந்து வந்தார். ஃபின்டன் படத்தைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தபடி, மறுகை விரலால் முதலில் நடைமேடையைக் காட்டினார், பிறகு பட்டியை. மலக்கி குனிந்தார். அவர் மூச்சு சன்னலில் பட்டுப் படிந்தது. சட்டைக்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஆத்துப்பக்கம்," என்றார்.

"ஆமா. நீங்க சொன்ன இடந்தான். நான்தான் படத்தக் கையில வெச்சுக்கிட்டே உங்கள்ட்ட படம் கேட்டிருக்கேன்."

மலக்கி நிமிர்ந்தார். பத்து மாதமாகச் சேர்த்துவைத்த பேச்சு அவரிடம் நிறைய இருந்திருக்கும். ஃபின்டன் அதற்குத் தயாராகத்தான் நின்றார். மலக்கி படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"இதுல கதவப் பிடிச்சிட்டு நிக்கறது எங்கப்பா இல்ல," என்றார். "இது டாம் லாவெல். எங்கப்பா பின்னால எங்கயாவது தேநீர் குடிச்சிட்டு இருந்திருப்பாரு. வேலை நேரத்துல அவரு படத்துல மாட்டினதே கிடையாது."

நோரீன் சிரித்துவிட்டார். யூஜினும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். பிறகு நோரீன், பட்டி ஆற்றுப்பக்கம் என்பதை அவர் காதருகே சொன்னார்.

மணி மூன்றே முக்கால். ஃபின்டன் நாற்காலிக்குத் திரும்பிப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டார். விதி விதிதான் என்றார். ஆற்றுப்பக்கம் மாட்டு ரயில் ஓடும், பன்னிரண்டு பெட்டியும். 181 ஓடாது. அதன் குழாய்க்குப் படம் இல்லை. முதல் வரியை அடித்தார். மைப் பேனா, கோடு நேராக விழுந்தது. அடித்த பிறகு எஞ்சினைப் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை.

"அப்ப என் பெட்டிய யாரு இழுக்கறது?" என்றார் மலக்கி. "நானா?"

வேறு எஞ்சின் இருக்கிறது என்றார் ஃபின்டன். மலக்கி ஒப்பவில்லை. படத்தில் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்பது எது, 181-தானே. அதை விட்டு வேறு எதையாவது கட்டினால் அதற்குப் படம் எங்கே என்று கேட்டார். செயலாளர் எழுதிய விதி, செயலாளருக்குத் தெரியாதா.

குழாயை மாற்றுவது என்றால் ஐந்து இடத்தில் ஈயப்பற்றை விடுவிக்கவேண்டும். ஒவ்வொரு பற்றுக்கும் பக்கத்திலேயே கைப்பிடிக் கம்பி, அதற்குப் பக்கத்தில் மணிக்கூண்டு போன்ற அந்தச் சின்ன ஆவிக்கூடு. ஒன்றுக்குக் காட்டும் சூடு மற்றதையும் இளக்கிவிடும். குழாயைக் கழற்றப் போய்க் கொதிகலனே மொட்டையாக நிற்கும். அப்படி நின்றால் மூன்று வாரத்தில் மறுபடி கட்ட முடியாது. மலரில் அச்சாகிவிட்ட எஞ்சின் கண்காட்சிக்கு வரவில்லையென்றால் சங்கத்துக்கு அவமானம். ஃபின்டன் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னார்.

"உருளைக்கிழங்கு இருக்கா?" என்றார் மலக்கி.

அயர்லாந்தில் அந்தக் கேள்விக்கு இல்லையென்று பதில் வராது. நோரீன் எதிர்வீட்டில் போய் இரண்டு வாங்கிவந்தார். லாரியில் பித்தளைக் குழாய்க்குச் சூடு காட்டும்போது, பக்கத்தில் இருக்கும் ரப்பர் உருகாமல் இருக்க மலக்கி செய்யும் வேலையாம் இது. பச்சைக் கிழங்கை வெட்டி, வெட்டின பக்கத்தைக் காப்பாற்றவேண்டிய இடத்தில் அழுத்திவைத்தால், கிழங்கில் இருக்கும் தண்ணீர் சூட்டைக் குடித்துவிடும். ஃபின்டன் அலமாரியிலிருந்து ஈயம் இளக்கும் சால்டரிங் அயர்னை எடுத்துச் சொருகினார். சன்னலோர நாற்காலியை நோரீன் விட்டுக்கொடுத்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை.

மலக்கியின் கட்டைவிரல் எஞ்சினின் கூண்டைவிடப் பெரிது. ஆனால் கிழங்குத் துண்டைக் கைப்பிடிக் கம்பிமேல் வைத்த பிறகு அந்தக் கை அசையவே இல்லை. கன்றுக்குட்டியின் காலைப் பிடித்திருப்பவர்போல நின்றார். ஃபின்டன் முதல் பற்றில் முனையை வைத்தார். சாம்பல் வண்ணம் கருகிச் சுருண்டது. கிழங்கு சீறியது. ஈயம் சட்டென்று பளபளத்தது. நோரீன் இடுக்கியால் குழாயைத் தூக்கினார். வந்துவிட்டது. கைப்பிடி அப்படியே இருந்தது.

"கொஞ்சம் உப்பு இருந்தா சாப்பிட்டிருக்கலாம்," என்றார் யூஜின், வாசனை பிடித்து.

இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நாலாவதில் ஃபின்டன் முனையை வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டார். பதினான்கு மாதம் முன்னால் அதே இடத்தில்தான் இரண்டு தரம் தவறவிட்டிருந்தார். மலக்கி எதையும் பார்க்காதவர்போல, மெதுவா பண்ணுங்க ஃபின்டன், வேன் ஓட்டறவன் எங்க மச்சான்தான், ரெண்டு நிமிஷம் நிப்பான் என்றார். ஃபின்டன் கையை மேசையில் ஊன்றிக்கொண்டு மறுபடி வைத்தார். ஐந்தாவது பற்று விட்டதும், ஒன்பது சென்டிமீட்டர்க் குழாய் முழுசாக, வளையாமல், செய்தித்தாளின்மேல் விழுந்தது. கொதிகலனில் ஐந்து சின்ன ஓட்டைகளும் ஐந்து கருப்பு வட்டங்களும் இருந்தன. மற்றதெல்லாம் நின்றது நின்றபடி.

இனி இருப்பது ஓட்டையை அடைப்பதும், வலப்பக்கம் ஐந்து ஓட்டை போடுவதும், வண்ணமும். அது மூன்று வார வேலை இல்லை, மூன்று நாள் வேலை. ஃபின்டன் கையைத் துடைத்துக்கொண்டு எஞ்சினைத் தூக்கிப் பார்த்தார். அலங்கோலமாக இருந்தது. குழாய் இருந்தபோது இருந்த பெருமை இல்லை. அதற்குப் பதில், இது நிஜமாக ஓடிய எஞ்சின் என்ற நிம்மதி இருந்தது. ஊரில் எல்லா எஞ்சினையும் போல ஒரு எஞ்சின்.

மணி ஐந்துக்கு ஐந்து. புதுத் தாள் எடுத்தார். தட்டச்சு இயந்திரம் வீட்டில், கையாலேயே எழுதினார். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த எழுத்து, ஒவ்வொன்றும் கோட்டின்மேல் நிற்கும்.

ஒன்று: சந்தைநாள் மாட்டு ரயில், கில்காரன் ஆற்றுப்பக்கப் பாதையில். பெட்டிகள் பன்னிரண்டு. செய்தவர்: ம. கில்ஹூலி. எஞ்சின் 181, குழாய் வலப்பக்கம். செய்தவர்: ஃ. ஹெனகன். ஆட்கள் மூவர், செய்தவர்: நோ. பிரன்ட்டி.

கொஞ்சம் யோசித்து, அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: மேற்படி எஞ்சின் குறித்து இதே கையொப்பக்காரர் முன்பு காலாண்டிதழில் எழுதியது தவறு, திருத்தம் அந்த இதழுக்குத் தனியே அனுப்பப்படும். யாரும் கேட்காத வரி. அதை எழுதாமல் அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை.

மலக்கி தோளுக்குமேல் எட்டிப் படித்தார். "உருளைக்கிழங்கு உதவியவர்னு எதிர்வீட்டுக்காரியையும் போட்டுருங்க," என்றார்.

"அதுக்குப் படம் இருக்கா?" என்றார் ஃபின்டன்.

பழைய பட்டியலை நான்காகக் கிழித்துக் கணப்பில் போட்டார். புதியதை மூன்றாக மடித்து உறையில் வைத்து, ஓரத்தை நாக்கால் ஈரமாக்கி, உள்ளங்கையால் இருமுறை அழுத்தி ஒட்டினார். படி இறங்கித் தெருவுக்கு வந்தார். தூறிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் பச்சைத் தபால் பெட்டிக்கு முன்னால் வேன் ஏற்கெனவே நின்றது; மலக்கியின் மச்சான் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தான். ஃபின்டன் உறையை அவன் கையிலேயே கொடுத்தார். அவன் விலாசத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, பையின் வாயைக் கட்டினான்.